ஏசியை நிறுத்தியும் நிற்காத சத்தம்

இரண்டாவது தண்ணீருக்கு வாளியைச் சரித்துக்கொண்டிருந்தபோதுதான் சீலை மறைப்புக்கு வெளியே புருஷன் றிஷாட் மூன்று தரம் இருமினான். அது தடிமன் இருமல் இல்லை, கூப்பிடும் இருமல் என்று நஸ்ஹாவுக்கு முதல் தரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் உம்மாவின் வலது தோளில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை அவள் நிறுத்தவில்லை.

"நஸ்ஹா, உங்கட காக்காட கார் நிண்டுட்டாம். வெலிக்கந்தைக்கு இங்கால, காட்டு ரோட்டுல."

"போன உள்ளுக்கு தாங்க."

"போன் உள்ளுக்கு வரப்படா" என்றார் றமீஸா. காத்தான்குடியின் அந்தப் பக்கத்தில் இறந்துபோன பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். கமரா உள்ள சாமான் எதுவும் மறைப்பைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "போறதெண்டா போ புள்ள. நாங்க நிப்பாட்ட ஏலா, நேரம் போகுது."

மணி பத்தேகால். பன்னிரண்டுக்கு ஜனாஸா வீட்டை விட்டு இறங்க வேண்டும். நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம். மகன் கட்டாரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், பின்னேரம் அஸர் வரை பொறுங்கள் என்று கேட்டால் பள்ளிவாசலில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். மறுத்தது உம்மாதான். வாப்பா மௌத்தானபோது கொழும்பிலிருந்து வரவேண்டிய ஒரு சொந்தக்காரருக்காகப் பொழுதுபடும் வரை வைத்திருந்தார்கள். பதினொரு வருடமாகியும் ஸகியா உம்மாவுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. "எனக்கெண்டு ஆரையும் பாத்துக்கிட்டு இரிக்கப்படா. முதல் வாற தொழுகையோட கொண்டு போயிரணும்" என்று பிள்ளைகள் இருவரிடமும் வாக்கு வாங்கி வைத்திருந்தார்.

நஸ்ஹாவுக்கு மூத்தவனான காக்கா ஸாஹிர் விமானம் ஏறியது உம்மாவை உயிரோடு பார்க்கத்தான். கட்டுநாயக்காவில் இறங்கி, நண்பனின் பழைய காரை எடுத்துக்கொண்டு குருநாகலைத் தாண்டும்போது மரணச் செய்தி போனது. "வாக்கு வாக்குதான். எனக்காக வைக்க வேணாம், நான் வந்து சேருவன்" என்றான்.

நஸ்ஹா உம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வாளியை றமீஸாவின் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"மச்சான், நான் உன்னோட கதைக்க எடுத்தா நீ என்னத்துக்கு அவளக் கூப்பிடுற?" என்றது போனில் ஸாஹிரின் குரல்.

"நம்மட கராஜுக்கு காது அவதான் மச்சான்" என்றான் றிஷாட். "நான் ஸ்பானர் மட்டும்தான்."

இது ஊருக்குத் தெரியாத சங்கதி. வீட்டுக்கு முன்னால் கார் ஏசி திருத்தும் கராஜ் போட்டுப் பத்து வருடம். கார் முற்றத்துக்குள் நுழையும்போதே குசினிக்குள் நிற்கும் நஸ்ஹாவுக்கு நோய் பிடிபட்டுவிடும். றிஷாட் தண்ணீர் குடிக்க வருவதுபோல உள்ளே வருவான். "விசிறிக்குள்ள இலை" என்றோ "காஸ் குறைவு" என்றோ அவள் சொல்லுவாள். அவன் போய்ப் பெரிய நிபுணன் மாதிரிப் பொனட்டைத் திறப்பான். றிஷாட்டின் கைராசியைப் பற்றி ஊரே பேசும். அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர் உம்மா ஒருவர்தான்.

இன்று விடியற்காலை சுபஹுக்கு முன் உம்மாவின் மூச்சு மாறியதையும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள்தான் கேட்டாள். இழுத்து, சிக்கி, விட்டு, மறுபடி இழுத்து, நெடுநேரம் பாடாய்ப் படுத்தியது. என்னவென்று உடனே விளங்கியது. கழற்றி மாற்றத்தான் அதில் எதுவும் இருக்கவில்லை.

"காக்கா, கார ஸ்டார்ட் பண்ணி போன பொனட்டுக்குள்ள பிடிங்க."

"ஒரு லொறிக்காரர் பாத்துட்டு, எஞ்சின் இறுகப் போகுது, தொடாத எண்டுட்டுப் போறார் புள்ள."

"அவர் போகட்டும். நீங்க பண்ணுங்க."

கல்லைப் போட்டு அரைப்பதுபோல ஒரு சத்தம் போனில் வந்தது. அதற்கடியில் எஞ்சின் தன்பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நஸ்ஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏசியப் போடுங்க."

டக் என்று கம்ப்ரஸர் பிடித்தது. அரைப்பு மாறவில்லை.

"இப்ப நிப்பாட்டுங்க."

டக் என்று விட்டது. அரைப்பு அப்படியே இருந்தது. மறைப்புக்குள் தகர மூடி திறக்கும் ஓசை கேட்டது. மூன்றாம் தண்ணீருக்குக் கற்பூரம் கலக்கிறார்கள். கடைசித் தண்ணீரைத் தன் கையால் ஊற்ற வேண்டுமென்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"ஏசி போட்டாலும் அதே சத்தம், விட்டாலும் அதே சத்தம். எஞ்சினுக்கு ஒண்டுமில்ல காக்கா. கம்ப்ரஸருக்கு முன்னால எந்நேரமும் கிறுகுற சக்கரம் ஒண்டு இரிக்கி, அதுட பேரிங் தேஞ்சிட்டு. இப்படியே ஓடினா அது இறுகி பெல்ட் எரியும். ஒரு தடி எடுத்து, ஒரு முனைய கம்ப்ரஸர்ல, கிறுகாத இடத்துல வைங்க. மத்த முனைய காதுல வைங்க."

"ஐயோ, மண்டைக்குள்ள அரைக்குது!"

"இப்ப அல்டனேட்டர்ல."

"இது சாதுவா இரிக்கி."

"சரி. எஞ்சின நிப்பாட்டுங்க. எத்தன பெல்ட் தெரியுது?"

"ரெண்டு."

"ஒண்டு அல்டனேட்டருக்கும் தண்ணிப் பம்புக்கும் போகும். அதத் தொட்டா நீங்க காட்டுக்குள்ளதான். மத்தது கம்ப்ரஸருக்கு மட்டும் போகும். அத வெட்டுங்க."

காக்கா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான், குரல் பெரிதாகியது.

"வெட்டவா? பிழைச்சா உம்மாட முகத்த நான் பாக்க மாட்டன், நஸ்ஹா."

"பிழைக்காது."

"கத்திக்கு எங்க போற?" என்றவன், பிறகு தானே சொன்னான்: "உனக்கு கொண்டு வந்த கத்திப் பெட்டி ஒண்டு இரிக்கி."

"அப்ப எண்ட கத்தியாலயே வெட்டுங்க."

ரப்பர் அறுபடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு கார்த் திறப்பு திரும்பி எஞ்சின் உயிர்த்தது. எஞ்சின் மட்டும் ஓடியது, ஒரு கரகரப்பில்லை. நஸ்ஹா மூச்சை விட்டாள். அதே நேரத்தில் மறைப்புக்குள் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது.

"கண்ணாடிய இறக்கிட்டு வாங்க காக்கா" என்று போனை றிஷாட்டிடம் கொடுத்தாள். 'முடிந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டு சீலையை விலக்கினாள்.

றமீஸா ஒரு கோப்பைத் தண்ணீரைக் கையில் ஏந்தியபடி நின்றார்.

"கடைசி இது. மகள்ட கை இரிக்கக்குள்ள நாங்க ஊத்துறதா? கெதியா வா."

ஊற்றும்போதுதான் நஸ்ஹா அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை எல்லாம் அந்த ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மையத்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கு வாசலுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கபன் துணி சுற்றிய உம்மாவின் முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்கள். "காக்கா வந்துட்டார்" என்றாள் நஸ்ஹா. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒழுங்கை முடக்கில் கார் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

ஸாஹிர் வியர்வையில் நனைந்த சட்டையும் தாடியெல்லாம் தூசியுமாக உள்ளே ஓடிவந்தான். கறுத்துப்போன கையைக் கழுவிவிட்டு உம்மாவின் தலைமாட்டில் குந்தினான். வாசலில் ஆண்கள் காத்து நின்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவன் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"நஸ்ஹா, உனக்குக் கேட்டிரிக்கும்தானே. கடைசில உம்மாட மூச்சு எப்படி இரிந்திச்சி?"

அவள் சொல்வதை அவன் நம்பிவிடுவான். பெல்ட்டை வெட்டுவதற்கு முன்பென்றால் நம்பியிருக்க மாட்டான்.

"சத்தமே இல்ல காக்கா" என்றாள். "சீரா ஓடி, சீரா நிண்டுட்டு."

ஸாஹிர் தலையாட்டினான். குனிந்து உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான். நஸ்ஹா கபன் துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

சந்தூக்கு ஒழுங்கையைத் தாண்டியது. கலிமாச் சத்தம் தேய்ந்து தேய்ந்து பள்ளிவாசல் பக்கம் போனது. முற்றத்தில் கார் கதவு திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. காக்கா நிறுத்த மறந்துவிட்டான். முன் இருக்கையில் அறுத்த பெல்ட்டும், பக்கத்தில் கறை படிந்த புதுக் கத்தியும் கிடந்தன.

நஸ்ஹா கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். ஒரு பிழையும் இல்லை. கையை உள்ளே நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.