பிறந்த தேதி சொல்லுங்க

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. இறந்துபோன மனைவியைக் கேட்டு வந்த அழைப்பு. எடுத்தவர் ஒரு தையல்காரர், பெண்களுக்குச் சட்டை தைப்பவர். இவ்வளவையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இதற்கு மேல் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் கதையே.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'கன்னத்தில் மச்சமும் தெருமுனைவரை கேட்கும் சிரிப்பும் உள்ள அவள், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் அலுவலகத்தில்'

வேண்டாம். மச்சத்தைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

'நடுவயதுப் பெண் ஒருத்தி ஓர் அலுவலகத்தில்'

இதில் அவளே இல்லை.

இந்தச் சங்கடம் அவளுக்கும் இருந்தது. திட்டத்தின் கணக்குகளை ஆராய்ச்சிக்கு அனுப்பும்போது பெயர்களை நீக்கிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அது போதாது என்று மேலதிகாரியிடம் சண்டை போட்டாள். "பேரை எடுத்துட்டா ஆளு மறைஞ்சுடுவாங்களா சார்? எங்க தெருவுல மூணு நாய் வளக்கிற அம்மா ஒருத்தர்தான். தெருவையும் வயசையும் போட்டாலே போதும், நாயே வந்து காட்டிக் குடுத்துடும்." மறுவாரம் தெருவையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே நானும் பெயர்களை எடுத்துவிட்டேன். சிரிப்பை மட்டும் விட்டுவைக்கிறேன். மச்சம் என் கற்பனை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2

அவளுடைய வேலை, பரிசோதனைக்கு முறை வந்த பெண்களைத் தொலைபேசியில் அழைத்து நாள் குறித்துக் கொடுப்பது. அதற்கொரு விதி உண்டு. எதிர்முனையில் இருப்பவர் அந்தப் பெண்தான் என்று பிறந்த தேதியைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளும்வரை, எங்கிருந்து அழைக்கிறோம் என்றுகூடச் சொல்லக்கூடாது. கணவனிடமும் சொல்லக்கூடாது, மாமியாரிடமும் சொல்லக்கூடாது. 'அங்கிருந்து போன் வந்ததாம்' என்ற ஒரு வார்த்தை போதும், அந்த வீட்டில் அந்தப் பெண் நோயாளியாகிவிடுவாள்.

விதி வீட்டுக்கும் வந்தது.

"ஏம்மா, முகம் வாடியிருக்கு? இன்னிக்கு யார்கிட்ட பேசின?"

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

தையல்காரர் சொல்வார்.

"மன்னிக்கணும் சார், இது அவங்க தேதி இல்ல. காபி வேணும்னா போட்டுத் தரேன்."

3

தையல்காரர் மட்டும் என்ன, ஓட்டை வாயா? ஒரு தெருப் பெண்களின் அளவெல்லாம் அவருடைய நாடாவுக்குத் தெரியும். நாடா பேசாது, அவரும் பேசமாட்டார். அவள் அலுவலகத்தில் காப்பதும் அவர் கடையில் காப்பதும் ஒரே பெண்களின் ஒரே ரகசியம் என்பது இருவருக்கும் தெரியும். தெரியாததுபோல எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சலவைக்கடை அம்மாள் ஒருநாள் கடைக்கு வந்தார். சட்டையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கவேண்டும் என்றார். "டெய்லர், இது எனக்கும் உங்க ஊசிக்கும் மட்டும்தான்." அவர் தலையாட்டினார். அதற்கு முன்பு சலவைக்கடை இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது ஏன் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவருடைய மனைவிக்கு முன்பே தெரியும்.

அந்த அம்மாள் சிகிச்சைக்காக மறுபடி கடையைப் பூட்டினார். கேட்டவர்களிடமெல்லாம் தையல்காரர், "அக்கா வீட்டுக் கல்யாணம், அதான் போயிருக்காங்க" என்று சொல்லிவைத்தார். அதே நேரத்தில் அவள், "தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் கலந்து பேசிக்கொள்ள வழியில்லையே!

திரும்பி வந்த அம்மாள், கணவன் மனைவி இருவரும் இருந்த நேரம் பார்த்து நேராகத் தையல்கடைக்குள் நுழைந்தார். "எனக்கு அக்காவும் கிடையாது, தம்பியும் கிடையாது. குழந்தைக்கு என்ன பேருன்னு பாதித் தெரு கேக்குது. கல்யாணச் சாப்பாடு எப்படின்னு மீதித் தெரு கேக்குது. ரெண்டு பேரும் என் ரகசியத்தைக் காப்பாத்துறீங்களா, இல்ல எனக்குக் குடும்பம் கட்டித் தர்றீங்களா?"

மூவரும் சிரித்த சிரிப்பில் தையல் இயந்திரத்தின் மேலிருந்த பொத்தான் டப்பா கவிழ்ந்தது.

(சலவைக்கடை இல்லை, வேறு கடை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "கடையை மாத்திட்டு எழுதுங்க. பொத்தான் டப்பா இருக்கட்டும்" என்றார்.)

4

அவள் போனது அந்த நோயால் அல்ல. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தாள். அது நெஞ்சுக்குள் இறங்கி

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது அவளுக்குச் சொந்தமான தகவல்.)

சில மாதங்கள் கழித்து, மத்தியானம் ஓர் இளம்பெண்ணின் குரல். மனைவியின் பெயரைச் சொல்லி, "மேடம் இருக்காங்களா?" என்றது.

"யார் பேசறீங்க?"

"அதை அவங்ககிட்டதான் சார் சொல்லணும். தப்பா நினைக்காதீங்க."

இத்தனை மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும் இடம் உலகத்தில் ஒன்றுதான். அவளுக்கே பரிசோதனை முறை வந்திருக்கிறது. ஆனால் அவள் இறந்தது அலுவலகத்துக்குத் தெரியுமே, மாலையோடு வந்தார்களே! யோசித்தபோது விடை கிடைத்தது. ஊழியர்களின் உடல்நலத் தகவலை உடன் வேலை செய்பவர்கள் பார்க்கக்கூடாது, அதை வேறு ஊர் அலுவலகம்தான் கையாளவேண்டும் என்று வாதாடி வாங்கியவள் அவள்தான். அந்த ஊருக்குச் செய்தி போகவில்லை.

"வெளிய போயிருக்கா" என்றார் தையல்காரர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பரவாயில்ல சார், மறுபடி கூப்பிடறேன். அவசரமில்ல. ஆனா மறந்துடாதீங்க."

கடைசி இரண்டு வாக்கியங்களும் அவளுடையவை. அலுவலகம் எழுதிக் கொடுத்த பேச்சு 'நன்றி'யோடு முடியும். அவள்தான் இதை ஒட்டவைத்தாள், அவளிடம் வேலை பழகியவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஏற்ற இறக்கம்கூட அப்படியே இருந்தது. 'ஆனா'வில் ஒரு சின்ன இழுப்பு.

இரண்டாம் அழைப்புக்கும், "வெளிய போயிருக்கா" என்றார். இம்முறை ஏன் என்று தெரிந்தே சொன்னார்.

5

இந்தச் சுற்றில் மூன்றாவது அழைப்புதான் கடைசி. அதிலும் ஆள் கிடைக்காவிட்டால் 'தொடர்பு இல்லை' என்று எழுதி மூடிவிட்டு, அடுத்த சுற்றில் மறுபடி அழைப்பார்கள். அவள் பெயரில் ஒதுக்கிய பரிசோதனை நேரத்தை மட்டும் வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

வராதவர்களைப் பற்றி அவள் பொரிந்து தள்ளியது அவருக்கு நினைவிருக்கிறது. "காலி நாற்காலியப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுங்க. அதுல உக்கார வேண்டியவ வீட்டுல கட்டியத் தடவிப் பாத்துக்கிட்டுப் பயந்து உக்காந்திருப்பா."

உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலி யாரோ ஒருத்திக்குக் கிடைக்கும். அந்தக் குரல் இந்த வீட்டுக்கு இனி வராது.

முடிவு ஒன்று: அவர் சொல்லிவிடுகிறார். அந்தப் பெண் தேம்பி, "எங்களுக்குப் பாடம் எடுத்த மேடமா?" என்கிறாள். வேண்டாம், சினிமா. தவிர, அவள் பழக்கிய பெண் அப்படிக் கேட்கவேமாட்டாள்.

முடிவு இரண்டு: "மேடம் இருக்காங்களா?" என்றதும் தையல்காரர், "முதல்ல உங்க பிறந்த தேதி சொல்லுங்க" என்கிறார். அந்தப் பெண் சிரித்துவிடுகிறாள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாற்காலி காலியாகவே இருக்கிறதே.

(தையல்காரர் நான்தான். அவர், அவர் என்று எழுதினால்தான் வரியை முடிக்க முடிகிறது.)

முடிவு மூன்றை உங்களிடம் விடலாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். இதோ, மத்தியானம். மணி அடிக்கிறது. நீங்கள் எடுத்துப் பேசிவிடுங்களேன். அவளுடைய சிரிப்பு உங்களுக்குத் தெரியும், அவளுடைய சண்டை தெரியும், மச்சம் எங்கே என்றுகூடத் தெரியும்.

ஆனால் பிறந்த தேதியை உங்களுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. விதிப்படி நீங்கள் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அப்படியென்றால் நான்தான் எடுக்கவேண்டும். வாயில் ஊசி இருக்கிறது. அதை எடுத்துக் குத்திவைத்துவிட்டு வருகிறேன். அந்தப் பெண் காத்திருப்பாள். அவசரமில்லை. ஆனா