எதிர்ப்பக்கத்துப் பாதங்கள்

எங்கள் குடியிருப்புக்குச் செங்கல் சுவர் கிடையாது. நாங்கள்தான் சுவர். இரண்டு வரிசையாகப் படுத்திருக்கிறோம். வெளி வரிசைக்காரர்களின் தலை வெளியே, உள் வரிசைக்காரர்களின் தலை உள்ளே. நடுவில் காலோடு கால்.

இதற்குச் செல் என்று பெயர். வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், காலுக்கு ஆகாது. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லித் தந்த பாடம் இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இங்கேதான் வேலை. நான் கொழுப்பு. அண்ணனைப் புரதத்துக்கு எடுத்து இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பா நடு அறையில் இருக்கும் நீள நூலில் ஓர் எழுத்து. யாராவது தன்னை வாசித்துக்கொண்டே இருப்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை சர்க்கரையில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே எரிந்து சக்தியாகிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே சுறுசுறுப்பு.

என் பாதங்களை ஒட்டி வேறு இரண்டு பாதங்கள் உண்டு. யாருடையவை என்று தெரியாது. முகம் பார்க்க வழியில்லை. காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவேன். பதிலுக்கு ஓர் அழுத்து வரும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மார்கழியில் குளிர் வந்தது. வரிசை விறைத்தது. அந்தப் பாதங்கள் சில்லிட்டுப் போயின. அழுத்தினேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞானசிகாமணி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஆட்களை இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குத் தலைகீழாகத் திருப்பிவிட அவரால்தான் முடியும்.

“என்னைய உள்பக்கம் திருப்பி விடுங்க, அண்ணாச்சி.”

“உள்ள திருப்பத்தான் எனக்குத் தெரியும். வெளிய திருப்ப வேற ஆளு.”

“அவரு எங்க?”

“அவர இன்னும் செஞ்சு முடிக்கல.”

“நான் போனா சுவத்துல ஓட்ட விழாதா?”

“அதுவா மூடிக்கிடும். நீ இருந்ததே தெரியாது.”

சுருக்கென்றது. வெளியே கடல் மாதிரி ஒன்று தெரியும். எனக்கு அதைப் பிடிக்கும். நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

“திருப்புங்க” என்றேன்.

அண்ணாச்சி ஒரு கை சக்தி வாங்கி வந்தார். அதில் என் தங்கையின் வாசனை இருந்தது. தலைகீழாகத் திரும்பினேன்.

உள்ளே ஒரே நெரிசல். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக் கிடந்தார். நாற்பது வயதிருக்கும். பெரிய காதுகள். என் காலை நகர்த்தி அவர் காலைத் தொட்டேன். அதே சில்லிப்பு. அவர்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. செல்லக்கனி அத்தையைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அத்தை கொலஸ்ட்ரால். குட்டையாக இருப்பார். ஊரெல்லாம் அவரைத் திட்டும். விறைத்த இடத்தில் அவர் புகுந்து படுத்தால் வரிசை இளகிவிடும்.

“ஏட்டி, தள்ளிப் படு. இப்படி ஒட்டிக்கிட்டுக் கெடந்தா வெறைக்கத்தான் செய்யும்.”

எங்கள் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு நுழைந்தார். மெதுவாக இளகியது. பெரிய காதுக்காரர் கண் திறந்தார். அத்தைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“யாரு?”

“எதிர்ப்பக்கம் இருந்த காலு.”

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஏன் பதிலே இல்ல?” என்று கேட்டேன்.

“அழுத்திக்கிட்டேதான் இருந்தேன். காலு மரத்துப் போச்சு, அசையல.”

“எனக்கு ஒண்ணும் வரலியே.”

“வராதுன்னு தெரியும். அதான் நிறுத்தல.”

அழுதுவிட்டேன். இங்கே அழக்கூடாது. உப்பு ஏறிவிடும். உப்புக்கென்று தனி வாசல் உண்டு, வாசல்காரரும் உண்டு. அவர் எட்டிப் பார்த்தார்.

“உப்பு விட்டது யாரு?”

“நான்தான்.”

“நானும்” என்றார் பெரிய காதுக்காரர்.

“நானுந்தான், இப்ப என்னாங்க?” என்றார் அத்தை.

வாசல்காரர் எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு வாசலை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.