டிக்கியில் நூற்றைம்பது காய்

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அம்மா பயிற்சிக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தபோது நந்திதாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அம்மா ராசாத்தாளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இடது பாதம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வந்து பயிற்சி செய்தால் காலில் உணர்வு திரும்பும், முதல் ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் அன்னூரில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் சலிப்பு என்பது அப்பா அப்புசாமியின் சாக்கு. அம்மா வண்டியைச் சொன்னாள்.

"தூக்கித் தூக்கிப் போடுது கண்ணு. அங்க போயிச் சரிபண்ணுன இடுப்ப, திரும்பி வாரப்ப ஒடச்சுக்கிட்டு வாரேன். இனி நான் வல்ல."

நந்திதா கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் குடியிருக்கிறாள். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மோட்டார் சோதிக்கும் பிரிவில் வேலை. ஓடும் மோட்டார் மேல் கை வைத்தாலே எது கோணல் என்று சொல்லிவிடுவாள் என்று கம்பெனியில் பேர். அப்படிப்பட்டவளுக்கு அப்பாவின் காரில் ஏறிப் பார்க்க மூன்று மாதமாக நேரமில்லை. வண்டியைப் பாருங்கள் என்று இரண்டு முறை ஃபோனில் சொன்னதோடு சரி. அவரும் பார்த்துவிட்டேன் என்றார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கியதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி அன்னூர் போனாள். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் சாவியை வாங்கிக்கொண்டு காரை எடுத்தாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே விஷயம் புரிந்துவிட்டது. வேகத்தடையில் முன்பக்கம் ஏறி இறங்கியதும், பின்பக்கம் ஏறி, இறங்காமல் துள்ளியது. துள்ளி விழுந்தது, மறுபடி துள்ளியது. ஆடி அடங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிட்டது. கோவில்பாளையம் வருவதற்குள் நல்ல இடுப்புள்ள அவளுக்கே இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. தையல் போட்ட இடுப்போடு அம்மா இதில் எத்தனை நடை வந்திருக்கிறாள் என்று கணக்குப் போட்டாள். பற்றிக்கொண்டு வந்தது.

உக்கடத்தில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் யூனுஸ் அதிகம் பேசாத மனிதர். நந்திதாவின் கம்பெனி வேன்கள் எல்லாம் அவரிடம்தான் போகும். ஞாயிறு அன்றைக்கும் அரை நாள் திறந்திருப்பார். அவர் என்ன, ஏது என்று கேட்கவில்லை. பானெட்டின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிவிட்டார். நல்ல வண்டி ஒரு தடவை மேலே வந்து நின்றுவிடும். இது மேலே வந்து, கீழே போய், மறுபடி வந்து, இன்னும் யோசித்துக்கொண்டே ஆடியது. பிறகு பின்னால் போய் டிக்கிப் பக்கம் அமுக்கினார். அங்கே நேர்மாறு. சுவரை அமுக்குவதுபோல் அசையவே இல்லை. அவர் முகம் அப்போதுதான் சுருங்கியது.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி அவளையும் கூப்பிட்டுக் காட்டினார். முன் சக்கரத்துக்கு மேலே நிற்கும் ஸ்ட்ரட் இரண்டிலும் ஆயில் கசிந்து, புழுதி பிடித்துக் களிம்பாக அப்பியிருந்தது. பின்னால் ஷாக் அப்சார்பர் இரண்டும் அதே கதி. ஸ்பிரிங் துள்ளும், அதைப் பிடித்து அடக்குவது இந்தக் குழாய்க்குள் இருக்கும் ஆயில்தான், ஆயில் போனால் அடக்க ஆளில்லை என்றார். அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அடுத்து அவர் துணியால் துடைத்துக் காட்டியது தெரியாதது. பின் ஸ்பிரிங்கின் கம்பி கட்டைவிரல் கனம் இருந்தது. எந்த வண்டிக்குரியது என்று காட்ட அதில் அடித்திருந்த கலர் கோடும் வேறு.

"இது இந்த வண்டி ஸ்பிரிங் இல்லீங்க. பெரிய வண்டியோடது. வேணும்னே யாரோ மாத்திப் போட்டிருக்காங்க."

பிறகு டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டு ஒரு கொத்து தேங்காய் நாரை எடுத்துப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டார்.

"இந்த வண்டியில ஆள் போறாங்களா, லோடு போகுதுங்களா? அதச் சொன்னீங்கன்னாத்தான் நான் ஸ்பிரிங் எடுக்க முடியும்."

நந்திதாவுக்கு முகம் காந்தியது. அங்கேயே நின்று அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். அவர் மழுப்பவில்லை, மறைக்கவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அதில் மறைக்க என்ன இருக்கிறது? கோயமுத்தூருக்கு வண்டி எப்படியும் போகிறது. தோப்பில் காய் கிடக்கிறது. காந்திபுரத்தில் மெஸ் நடத்தும் லட்சுமணசாமி காய் கேட்கிறார். நடைக்கு உரித்த காய் நூற்றைம்பது. பின்பக்கம் இறங்கி மண்ணில் உரசியது, அதனால் கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்து மாற்றினார். வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதற்கு அவர் என்ன பைத்தியமா? சம்சாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டியாக இருந்தாலும் டிக்கி காலியாகப் போனால் அவருக்கு மனசு ஒப்பாது.

இப்போது எல்லாம் விளங்கியது. போகும்போது காயின் பாரம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும். காயை மெஸ்ஸில் இறக்கிவிட்டு, அம்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, பயிற்சி முடிந்து நோகும் இடுப்போடு அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது டிக்கி காலி. அப்போதுதான் துள்ளும். 'திரும்பி வாரப்ப' என்று அம்மா சொன்னதை நந்திதா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"ஏனுங்கப்பா, அம்மா மூணு மாசமா நோவுது நோவுதுன்னு சொல்றாங்களே, உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

கொங்குநாட்டில் கோபத்தையும் மரியாதை போட்டுத்தான் கொட்டுவார்கள். அப்புசாமிக்கு மரியாதை மட்டும் கேட்டது. யோசித்து வைத்திருந்த வழியை நிதானமாகச் சொன்னார்.

"அதுக்கென்ன அம்மணி. திரும்பறப்ப ரெண்டு மூட்ட புண்ணாக்கு ஏத்திக்கிட்டாப் போவுது. பாரம் இருந்தா துள்ளாது."

நந்திதா ஃபோனை வைத்துவிட்டாள். அதற்கு மேல் பேசினால் பெற்ற அப்பனை என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஷாப்புக்கு வெளியே போய் வெயிலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

யூனுஸ் இருக்கிற வழிகளைச் சொன்னார். பழைய ஸ்ட்ரட்டிலேயே துளை போட்டு ஆயில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், மூன்று மாதம் ஓடும், மறுபடி இதே ஆட்டம்தான். ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கெட்டி ஸ்பிரிங்கை விட்டால், அது புது ஷாக்கையும் அடித்துக் கொன்றுவிடும். முன்னால் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை டேப் பிடித்துப் பார்த்ததில் இடது பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது, ஆகவே முன் ஸ்பிரிங்கும் களைத்துவிட்டது. எதை மாற்றினாலும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி இழுக்கும். இதே மாடலில் டீசல் வண்டிக்கு எஞ்சின் கனம், அதன் முன் ஸ்பிரிங் வேறு, இது பெட்ரோல், இதற்குரிய நம்பரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

"நாலும் மாத்திருங்கண்ணா. ஸ்ட்ரட்டுக்கு மேல இருக்கற மவுண்டிங்கும் சேர்த்து. ஸ்பிரிங் எல்லாம் கம்பெனி நம்பர். ஆள் போற வண்டிதான் இது."

யூனுஸ் தலையாட்டினார். ஆனால் நூற்றைம்பது காயை மறுபடி ஏற்றினால் இதுவும் உட்கார்ந்துவிடும், அப்போது என்னைத் திட்டக்கூடாது என்றும் சொல்லி வைத்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் ஃபோனில் சண்டை போட்டாள். பின்னால் தேங்காய் உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தவள், ஸ்பிரிங் மாற்றியதைக் கண்ணால் பார்த்தவள், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா? சொன்னால் அப்பனும் மகளும் அடித்துக்கொள்வீர்கள், அதற்கு இடுப்பு வலியே தேவலை என்றாள் ராசாத்தாள். செவ்வாய்க்கிழமை கட்டாயம் வர வேண்டும், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று அதட்டித்தான் நந்திதா ஃபோனை வைத்தாள்.

திங்கள் மாலை சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்டும் முடிந்து வண்டி கைக்கு வந்தது. அன்றைக்கே அன்னூருக்கு ஓட்டிப்போனாள். அதே வேகத்தடையில் கார் ஏறியது, இறங்கியது, அடங்கியது. அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்காக அம்மாவின் கால் மூன்று மாதம் காத்திருந்ததா என்று நினைத்தபோது சந்தோஷத்துக்குப் பதில் மறுபடி கோபம்தான் வந்தது. இனி நூற்றைம்பது காயை ஏற்றினால் புது ஸ்பிரிங்கும் உட்கார்ந்துவிடும் என்று வீட்டில் இறங்கியதுமே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு அம்மாவுக்குச் சேலை கட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். அப்புசாமி டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே சாக்கு விரித்து, காய் அடுக்கியாகிவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்ததும், பெரிதாக விட்டுக்கொடுத்துவிட்டவர்போல் அவரே சொன்னார்.

"நூத்தம்பது இல்ல அம்மணி. நூறுதான் போட்டேன். நீ சொன்னதுக்காவத்தான்."

நந்திதா இரண்டு நாளாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் வாக்கரின் சத்தம் கேட்டது. ராசாத்தாள் அவளைத் தாண்டி, இடது காலை இழுத்து இழுத்து வைத்து, டிக்கி வரை போனாள். வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு காயை எடுத்து வாசலில் போட்டாள். அது உருண்டு காம்பவுண்டுச் சுவரில் முட்டியது. இன்னொன்றை எடுத்தாள். அதையும் போட்டாள். உள்ளே தள்ளிக் கிடந்த மூன்றாவதை எடுக்கக் குனிந்தபோது முகம் கோணியது, ஆனால் கையை எடுக்கவில்லை.

அப்புசாமி பதறிப்போனார். குனியாதே, இடுப்பு நோவும் என்று பக்கத்தில் ஓடிவந்தார்.

"நோவுமுங்க," என்றாள் ராசாத்தாள். "மூணு மாசமா நொந்துச்சுங்க. அப்பக் கேக்கலீங்களே."

முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு பேச்சு அவர் கேட்டதில்லை. சாக்கின் நான்கு முனையையும் பிடித்து, மிச்சக் காயை மொத்தமாகக் கீழே இறக்கினார். ராசாத்தாள் டிக்கி காலியாகும் வரை அங்கேயே நின்று பார்த்தாள். வண்டியை நந்திதா ஓட்டட்டும், நீங்கள் என் பக்கத்தில் பின்னால் உட்காருங்கள் என்றாள். அவர் உட்கார்ந்தார்.

முதல் வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே ராசாத்தாள் ஒரு கையால் கதவின் பிடியைப் பிடித்தாள், மறுகையை சீட்டில் ஊன்றி இடுப்பை அந்தரத்தில் தூக்கிக்கொண்டாள், கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்தாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் உடம்பு தானாகப் படித்துக்கொண்ட பாடம் அது. மூன்று மாதமாக ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணாடியில் பின்னால் வரும் லாரிகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த அப்புசாமி அதை இப்போதுதான் பார்த்தார். கார் ஏறி, இறங்கி, சத்தமில்லாமல் அடங்கியது. ராசாத்தாள் கண்ணைத் திறந்த பிறகும் பிடியை விடவில்லை. அடுத்த தடைக்கும் அப்படியே செய்தாள். அதற்கடுத்ததற்கும்.

கோவில்பாளையத்துக்கு முன்னால் அப்புசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெதுவாப் போ அம்மணி."

நந்திதா முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தாள்.