பல் விட்ட சுவர்

கொத்தனாரைச் சுற்றுலா கூட்டிப் போகக் கூடாது. நாற்பது வருஷம் சுவர் எழுப்பிய கை, எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டிப் பார்க்கும். என் மருமகளுக்கு அது தெரியும். தெரிந்தும் கார் பிடித்து என்னைக் கூட்டி வந்தாள்.

அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். காரணம் இல்லாமல் ஒரு நாள்கூட லீவு போடமாட்டாள். என் மகன் செத்துப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் என்னோடுதான் இருக்கிறாள். ஒரு வாரமாக எதையோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள். வயது முப்பத்திரண்டுதான். வேறு கல்யாணம் செய்துகொண்டு போகப் போகிறாள் என்று நினைத்தேன். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்துவிட்டால் வலிக்காமல் இருக்குமா?

இடிந்த அரண்மனையில் கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. ஒன்றின் ஓரத்தில் ஒரு கல் நீட்டியும் ஒரு கல் உள்வாங்கியும் இருந்தது. உடைந்துவிட்டதா என்று டிரைவர் கேட்டான். உடையவில்லை, பின்னாளில் இன்னொரு அறையைச் சேர்த்துப் பிணைக்கப் பல் விட்டிருக்கிறான், கட்டத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றேன். அவன் அதைத் தடவிப் பார்த்தான்.

வெள்ளைக்காரன் கட்டிய தெருவில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். அப்படிப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உளுத்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசியவன் பரம்பரையையே திட்டினேன். டிரைவர் எனக்குக் குடை பிடித்தபடி முழுசாகக் கேட்டான். வாடகைக்கு வந்தவனுக்கு இவ்வளவு பொறுமையா என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடற்கரையில் தட்டுவதற்குச் சுவர் இல்லை. நண்டுகள் வளை தோண்டுவதும் அலை வந்து மூடுவதுமாக இருந்தது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் தள்ளி நின்றான்.

"மாமா, அவரு டிரைவர் இல்ல. என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டவரு. முன்னாடியே சொன்னா நீங்க பாத்துப் பாத்துப் பேசுவீங்கன்னுதான் சொல்லல."

"எப்பம்மா கிளம்புறே?" என்றேன்.

"நான் எங்க போறேன்? அவருதான் நம்ம வீட்டுக்கு வராரு. நீங்க சரின்னு சொன்னா."

எங்கள் வீட்டுப் பின்சுவரிலும் பல் விட்டிருக்கிறேன். மகனுக்குக் குழந்தை பிறந்தால் ஒரு அறை சேர்க்கலாம் என்று விட்டது. மூன்று வருஷமாக நான் அந்தப் பக்கமே போவதில்லை.

அழுது முடித்துவிட்டு அவனைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"தம்பி, கலவை குழைக்கத் தெரியுமா?"

தெரியாது என்றான்.

"செங்கல்லாவது தூக்குவியா? வீட்ல ஒரு ரூம் பாக்கி இருக்கு."