மால்ட்டா கல்யாணத்தின் முதல் ஓலை

சந்தியாகுவின் வாயில் முதலில் வருகிற சொல் ‘எதுக்கு?’ என்பதுதான். கீரமங்கலம் கமிஷன் கடையில் அவர் தேங்காயை இறக்கும்போது பக்கத்தில் ஒருத்தன் சும்மா வந்து நின்றால்கூட, “எதுக்கு நிக்கிற?” என்பார். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார். இந்த வயது வரைக்கும் ஒருத்தனிடமும் ஏமாந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. ஒருத்தனோடும் சிரித்ததில்லை என்பது அவர் மனைவி செல்வராணி சொல்வது.

அப்பேர்ப்பட்டவரிடம், மால்ட்டாவில் நர்சாக இருக்கிற ஒரே மகள் இலக்கியா, தன் கல்யாணம் அங்கேதான் என்று செல்போனில் முகம் காட்டிச் சொன்னாள்.

“கடலோரத்துல பழைய கோயில்ப்பா. கல்யாணத்த எடுத்து நடத்துறதுக்குன்னே இங்க ஆளு இருக்காங்க. பூவு, சாப்பாடு, பாட்டு எல்லாம் அவுங்க பொறுப்பு. நீங்களும் அம்மாவும் ஏறி வந்தாப் போதும்.”

“எதுக்கு? நம்ம ஊருக் கோயில்ல மணி அடிக்காதா?”

“இங்க கட்டுனா விசாவுக்குச் சுளுவுப்பா.”

“தாலி உண்டா, மோதிரத்தோட சரியா?”

“உண்டுப்பா. அத நீங்கதான் கொண்டாரணும்.”

“எத்தன பேரு வாரது?”

“மொத்தமே இருவது பேருதான்.”

சந்தியாகு போனை மூஞ்சிக்குக் கிட்டே கொண்டுபோனார். சின்ன வயதில் இவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கே ஊர் அடங்கலும் உட்கார்ந்து சாப்பிட்டது. இருபது பேரை வைத்துக்கொண்டு சாவு வீட்டில்கூட ஒரு காரியமும் நடக்காது.

மாப்பிள்ளை வெற்றிசெல்வனுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. இவர்களைப் போலவே கிறிஸ்தவன், வேதக்காரப் பையன். போனில் இரண்டு தடவை அடக்கமாகப் பேசினான். அவ்வளவு அடக்கமே சந்தியாகுவுக்குப் பிடிக்கவில்லை.

“எந்த ஊருக்காரன்?”

“திருச்சிப் பக்கம்ப்பா.”

“பக்கம்னா எந்தப் பக்கம்?”

டவர் போய்விட்டது. முக்கியமான கேள்விக்கெல்லாம் இந்த டவர் போய்விடுகிறது.

சேதி சுவர் தாண்டிப் போக நேரமாகவில்லை. ஒட்டு வீடுதான் அண்ணன் வீடு. அண்ணன் மகன் விக்ரம் புல்லட்டை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். போர்வெல் வண்டி வைத்திருப்பவன். ஊர் இளவட்டம் அவன் பின்னால்தான் நிற்கும்.

“என்ன சித்தப்பா, தங்கச்சி கல்யாணத்துல நமக்கெல்லாம் சோறு கெடையாதாமே?”

“எனக்கே உண்டான்னு இன்னும் தெரியலடா.”

“மாப்ள எந்த ஊரு?”

“அதத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்.”

விக்ரம் சிரித்தான். “தேடுங்க சித்தப்பா. தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லுங்க.”

அடுப்படியில் செல்வராணி கையிலிருந்து கரண்டி விழுந்தது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன கோடையில் பழைய கல்குவாரித் தண்ணீரில் ஒரு பையன் மிதந்தான். விக்ரமின் மாமன் மகளோடு பேசிப் பழகியவன், வேற சாதி ஆளு. வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்காத சந்தியாகு, அதை மட்டும் அப்படியே நம்பினார். நீச்சல் தெரிந்த பையன் குவாரிப் பக்கம் எதுக்குப் போனான் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் நேரே பங்குச்சாமியிடம் போனார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது வழக்கம். பையன் பேர், பெண் பேர், ஆத்தா அப்பன் பேர், ஊர் எல்லாம் பீடத்திலிருந்து சொல்லி, தடை தெரிந்தவர்கள் சாமியிடம் வந்து சொல்லுங்கள் என்பார்கள். களவாணி மாப்பிள்ளையைப் பிடிக்க அதைவிட நல்ல கண்ணி கிடையாது.

“ஓலைக்கு விலக்கு வாங்கியாச்சுங்கய்யா” என்றார் சாமி. சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. “ஆயர் இல்லத்துலயே குடுத்துட்டாங்க. ஒங்க பொண்ணுதான் கேட்டுச்சு.”

“எதுக்கு?”

“சில கல்யாணம் சத்தமில்லாம நடக்குறது நல்லதுங்கய்யா.”

“சத்தமில்லாம நடக்குறதுக்குப் பேரு களவு சாமி. அவன் ஏற்கெனவே ஒருத்திக்கு மோதரம் போட்டிருந்தா? ரெண்டு புள்ள இருந்தா? அவன் ஊரும் பேரும் என் காதுல விழணும். இல்லன்னா தாலியும் வராது, நானும் வரமாட்டேன். ஆயர் வீட்டு வாசல்ல போயி உக்காருவேன்.”

“பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…”

“அப்பன் நான் சொல்றேன்!”

சாமி விலக்குக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். “யோசிச்சுக்கங்க” என்றார். “யோசிச்சாச்சு” என்றார் சந்தியாகு. இந்த ஊரின் வீம்பு சாமிக்கு அன்று தெரிந்துவிட்டது. கோபம் இன்னும் தெரியாது.

வீட்டில் சொன்னதும் செல்வராணி, “ஓலையா? எதுக்குங்க?” என்றாள். சொன்னவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் இலக்கியா கூப்பிட்டாள். அழுத முகம்.

“ஓலை வேணாம்ப்பா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.”

சந்தியாகுவுக்கு ஒரு திருப்தி. மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டது. “அப்டின்னா என்னமோ இருக்கு.”

“அவரு அவுங்கம்மாவ அழச்சுட்டுப் போக ஊருக்கு வந்திருக்காருப்பா. பொதங்கெழம ஏறிருவாங்க. அதுக்கப்பறமா வாசிக்கச் சொல்லுங்க. நாலே நாளு.”

“எந்த ஊருக்கு வந்திருக்கான்?”

இலக்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டவர் நன்றாகத்தான் இருந்தது.

“சரி. ஞாயித்துக்கெழம கோயில்லயே கேட்டுக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் செல்வராணி செபமாலையை உருட்டவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். நன்மை கொடுத்து முடிந்ததும் சாமி ஒரு தாளை எடுத்தார். ஒரு தடவை சந்தியாகுவைப் பார்த்தார். சந்தியாகு தலையை ஆட்டினார்.

“கறம்பக்குடிப் பக்கம் அன்னைபுரத்தைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசை, ராக்கினி இவர்களின் மகன் அந்தோணி வெற்றிசெல்வனுக்கும், நம் பங்கைச் சேர்ந்த சந்தியாகு, செல்வராணி இவர்களின் மகள் மரிய இலக்கியாவுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. இது முதல் ஓலை…”

மீதியை யாரும் கேட்கவில்லை. அன்னைபுரம் என்றால் காலனி. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேதக்காரர்கள்தான். ஆனால் இந்த ஊர் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காது. அவர்களுக்குக் கல்லறைகூடத் தனி.

சந்தியாகுவுக்குக் காது சுட்டது. வெட்கம் முதுகில் ஏறி இறங்கியது. பின்னால் திரும்பிப் பார்த்தார். கோயில் அடங்கலும் இருந்த தலைகள் அவரைப் பார்க்கவில்லை. விக்ரமைப் பார்த்தன.

விக்ரம் எழுந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, நடுவழியாக நிதானமாக முன்னே வந்து, சந்தியாகுவின் தோளில் கை வைத்துக் குனிந்தான்.

“நல்ல காரியம் செஞ்சீங்க சித்தப்பா. மாப்ளப் பய ஊருக்கு வந்திருக்கான்னு போன வாரமே காதுல விழுந்துச்சு, எவன்னுதான் தெரியல. நீங்க இருந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு வாங்க. நாங்க பாத்துக்குறோம்.”

பக்கவாசல் வழியாகப் போனார்கள். புல்லட் ஒன்று உறுமியது, பின்னாலேயே இன்னொன்று.

குவாரித் தண்ணீர் சந்தியாகுவின் கண்ணுக்குள் வந்து நின்றது. அதில் ஒரு சட்டை மிதந்தது. இவ்வளவு நாள் கேட்காத ‘எதுக்கு’ இப்போதுதான் வாய்க்கு வந்தது.

பாட்டு முடியும் முன்னே வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் செல்வராணி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். “எடுக்க மாட்டேங்கிறாரே, எடுக்க மாட்டேங்கிறாரே” என்றாள். அன்னைபுரத்திலும் மாப்பிள்ளைக்கு இது பூசை நேரம். நல்ல பிள்ளை, கோயிலுக்குள் போனை அமர்த்தி வைத்திருப்பான்.

“ஒனக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்ககிட்டயா?” என்றாள்.

அவர் போனைப் பிடுங்கி மகளுக்குப் போட்டார். எடுத்துவிட்டாள்.

“இலக்கியா, அவன் ஆத்தா வீடு எங்கிட்டு இருக்கு? கோயில விட்டு எந்த வழியாப் போவான்? வெரசாச் சொல்லுத்தா.”

மெதுவாக, அவருடைய குரலிலேயே வளர்ந்த அந்தக் குரல் கேட்டது.

“எதுக்குப்பா?”

“விக்ரம் கெளம்பிட்டான். நான் முந்திப் போயிருவேன். சொல்லு.”

“நீங்களும் அவனுமாப்பா?”

“இல்லத்தா! மாதா சத்தியமா…”

போன் அமர்ந்தது. மறுபடி போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது.

சந்தியாகு மொபெட்டை மிதித்தார். இரண்டு மிதிக்குப் பிறகு கிளம்பியது. செல்வராணி குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவர் கண்ணுக்குள் எதையோ தேடினாள். கிடைத்ததா இல்லையா தெரியவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

கறம்பக்குடி ரோட்டில் புழுதி இன்னும் அடங்கவில்லை. அவருடைய வண்டி எவ்வளவு முறுக்கினாலும் தேங்காய் மூட்டை ஏற்றுகிற வேகத்தில்தான் போகும். முன்னால் போன சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கடைசியில் அதுவும் கேட்கவில்லை.