அர்த்தெமீசியாவுக்கு வைத்த நேர்த்தி

ஜோசப்பீன் மாமிக்கு அவசரமாக ஒன்றுக்குப் போகவேண்டி வந்ததால்தான் அவரும் மருமகன் மாக்கஸும் கலைக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். ஒப்பரேசன் செய்த கண்ணை டொக்டரிடம் காட்டும் வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிக்கரிங்குக்குத் திரும்பும் ரெயினுக்கு இன்னும் நேரம் கிடந்தது. டண்டாஸ் வீதியில் காற்று முகத்தில் அறைந்தது. "தம்பி, இனித் தாங்காது" என்று மாமி ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிரே தெரிந்த கண்ணாடிக் கட்டடத்துக்குள் அவரைக் கூட்டிப்போய் மாக்கஸ் இரண்டு ரிக்கற் வாங்கினான். வேலை முடிந்து வெளியே வந்த மாமி, ஈரக் கையை உதறியபடி கேட்டார்.

"உதுக்கும் ரிக்கற்றோ?"

"ஓம் மாமி. இது படம் பாக்கிற இடம்."

"அப்ப பாத்திட்டுத்தான் போறது. சும்மா ஏன் விடுவான்?"

சனிக்கிழமை அன்புராசா வருகிறான். மாமியின் ஒரே மகன்; ஒஷாவாவில் வீடு. தாயைத் தன்னோடு கூட்டிப்போக வான் வண்டி கொண்டுவருவதாகப் போனில் சொல்லியிருந்தான். தாய் மகளோடு இருப்பதுதான் அவர்களின் வழக்கம். மகள் ஸ்டெபனி மாக்கஸைக் கலியாணம் கட்டி வந்தபோது மாமியும் கூடவே வந்து மேல் அறையில் குடியேறினார். போன வருசம் ஸ்டெபனி போய்விட்டாள். இரத்தத்தில் வந்த புற்றுநோய். இலை கொட்டத் தொடங்கியபோது தெரிந்தது, கொட்டி முடியமுன் எல்லாம் முடிந்தது. மகள் இல்லாத வீட்டில் மருமகனோடு மாமி என்ன முறையில் இருப்பது? "நீயும் இளந்தாரி மச்சான். நாளைக்கு ஒரு இடத்தில கலியாணம் பேசி வந்தால், அம்மா அங்க நிண்டு என்ன செய்யிறது?" என்றான் அன்புராசா. அடக்கம் நடந்த நாளிலிருந்து யார் எதைச் சொன்னாலும் 'ஓம்' சொல்லிப் பழகியிருந்த மாக்கஸ், அதற்கும் ஓம் என்றான். போனை வைத்த பிறகுதான் உள்ளே ஏதோ இடறியது. விடியற்காலையில் மேலே கேட்கும் செபமாலை முணுமுணுப்பு, மீன் பொரிக்கமுன் படபடவென்று சாத்தப்படும் அறைக் கதவுகள், திரும்பப் பாவிக்கவென்று பாத்ரூமில் ஊறும் வெற்று ஐஸ்கிரீம் டப்பாக்கள். இவையும் போனால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்? போகாதீர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எந்த உரிமையில் சொல்வது? மகனோடு இருக்க அவருக்கும் ஆசை இருக்குமே.

பழைய ஐரோப்பிய ஓவியங்கள் தொங்கிய அறைகளுக்குள் மாமி கலியாண மண்டபத்துக்குள் போவதுபோலப் போனார். சொந்தக்காரரையும் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்க பாருங்கோ, செபஸ்தியார்! எங்கட கோயில்ல சால்வை போர்த்தி வைச்சிருப்பம். இஞ்ச மனுசனைக் குளிருக்க விட்டிருக்கிறாங்கள்."

அடுத்ததில் ஒரு பொடியன் பெரிய மீனோடு நின்றான். பக்கத்தில் சிறகு வைத்த ஒருவர்.

"தோபியாஸ். மற்றவர் ரப்பாயேல் சம்மனசு. உந்த மீன்ர பித்தைப் பூசித்தான் தேப்பன்ர கண் தெரிஞ்சது. எனக்கெண்டால் சொட்டு மருந்து." புதிதாகத் தெளிந்த கண்ணோடு மாமி மூக்கு முட்டக் குனிந்தார். "ஆனால் படம் கீறினவன் மீன் கண்டதில்லை. வாய் கலவாய், வால் விளைமீன். எந்தச் சந்தையில வாங்கினவனோ?"

மாக்கஸ் பக்கத்து விளக்க அட்டையைப் படித்தான். தோபியாஸ்தான். அதன்பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மாமி முதலில் கதையைச் சொல்லவேண்டும். பிறகு அவன் அட்டையைப் படிக்கவேண்டும். பூமாலை போட்ட வெள்ளை மாட்டின்மேல் ஒரு பெண் கடலுக்குள் போகும் படத்தின் முன் மாமி நெடுநேரம் யோசித்தார்.

"இவள் வீட்டுக்குத் தெரியாமல் ஓடுறாள். கரையில நிண்டு குளறுறது கூட்டாளிப் பெட்டையள். மாட்டின்ர முழியைப் பாருங்கோ. இது ஒழுங்கான மாடில்லை."

மாக்கஸ் படித்தான். "கடவுள் ஒருத்தர் மாடு மாதிரி வேசம் போட்டு வந்து ராசகுமாரியைக் கடத்திக்கொண்டு போறாராம்."

"சொன்னன்தானே!"

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது தன்னுடையது என்று மாக்கஸுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மாமி திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு அடுத்த அறைக்கு நடந்தார்.

அங்கே கறுப்பு உடுப்பில் ஒரு பெண், கையில் பொற்கிண்ணம். அருகில் பணிப்பெண் ஒருத்தி சாடியொன்றை ஏந்தி நின்றாள். மாமியின் குரல் தணிந்தது.

"மரிய மதலேனாள். பரிமளத் தைலச் சாடி."

சால்வையை முக்காடாக இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. மாக்கஸ் தள்ளி நின்றான். செபம் முடிந்ததும், கோயிலில் சுரூபத்தின் காலைத் தொடுவதுபோல, மாமி எட்டிப் படத்தின் அடியைத் தொட்டு விரலை முத்தமிட்டார்.

அலாரம் வீரிட்டது. காவலாளிப் பெண் ஓடிவந்தாள். "மேடம், தொடக்கூடாது!"

"சொறி பிள்ளை, சொறி" என்று மாமி இரண்டு கையையும் கூப்பினார். கும்பிட்ட கையைப் பார்த்த காவலாளிக்கும் அதற்குமேல் அதட்ட வரவில்லை. படத்தில் ஒன்றும் படவில்லையென்று பார்த்துவிட்டு வாசலோரம் போய் நின்றாள்.

"என்ன எழுதிக் கிடக்கு தம்பி? மதலேனாள்தானே?"

மாக்கஸ் அட்டையை இரண்டு தரம் படித்தான். ஓம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்த ஓமை விழுங்கினான்.

"இல்லை மாமி. இவ அர்த்தெமீசியா. ஒரு ராணி. புருசன் செத்திட்டார். துக்கம் தாங்கேலாமல், அவரை எரிச்ச சாம்பலை வைனில கலந்து குடிச்சவவாம்."

மாமி படத்தையே பார்த்தார். சொல்லியிருக்கக்கூடாதோ என்று மாக்கஸ் நினைத்தபோது, அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழவில்லை.

"ஐயோ மாதாவே! நான் போயும் போயும் ஒரு சாம்பல்குடிச்சியிட்ட நேத்தி வைச்சுப்போட்டனே! ஃபாதருக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி!"

அவனுக்கும் அடக்கமுடியவில்லை. சுவரைப் பிடிக்கப் போய், அலாரத்தை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டான். அதற்கு மாமி இன்னும் சிரித்தார்.

"கண்ணைத் தேய்க்காதேங்கோ. டொக்டர் சொன்னவரெல்லே." ரிஷ்யூவை நீட்டினான். "என்ன கேட்டு நேத்தி வைச்சனீங்கள்?"

மாமி கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டார். "உங்களுக்கு வாய் வரவேணும் எண்டுதான். எவன் என்ன கேட்டாலும் ஓம், ஓம். அன்பு கேட்டதுக்கும் ஓம். மாமி இருக்கட்டும் எண்டோ, போகட்டும் எண்டோ, உங்கட வாயால ஒண்டு வரவேணும் எண்டு கேட்டன்."

காவலாளியைத் தவிர அறையில் வேறு யாரும் இல்லை. அர்த்தெமீசியா கிண்ணத்தை இன்னும் வாயில் வைக்கவில்லை.

"போகாதேங்கோ மாமி" என்றான் மாக்கஸ்.

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

"நாளைக்கு ஒருத்தி வந்தால்?"

"வாறவ உங்களைப் பாத்துப் பயப்பிடட்டும்."

"அது பயப்பிடத்தான் வேணும்" என்றார் மாமி.

சொல்லிவிட்டு அறை நடுவில் கிடந்த தோல் போர்த்த நீள வாங்கில் போய் அமர்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு துறைமுகம். பொன்னிற வெளிச்சத்தில் பெரிய பாய்க்கப்பல், கரையில் கை அசைக்கும் சனம்.

"கப்பல் வருகுதோ, போகுதோ மாமி?"

மாமி குனிந்து பூட்ஸின் ஸிப்பை இழுத்தார். ஒன்றைக் கழற்றினார். பிறகு மற்றதையும் கழற்றினார். வாசலில் நின்ற காவலாளி பார்த்தாள். பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு பூட்ஸையும் வாங்குக்குக் கீழே ஒன்றோடொன்று சேர்த்து வைத்துவிட்டு, கம்பளிச் சொக்ஸ் போட்ட கால்களைத் தூக்கி, வீட்டில் இருப்பதுபோலச் சம்மணம் கட்டிக்கொண்டு, மாமி கப்பலைப் பார்க்கத் தொடங்கினார்.