மென்னு முழுங்காம சொல்லுங்க சார்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முதியோர் பராமரிப்பு இல்லத்தின் ஆறாம் அறைப் பெரியவர் இன்றுமுதல் தண்ணீரைக் குடிக்க மாட்டார், கரண்டியால் சாப்பிடுவார்.

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த ஆணையைப் பிறப்பித்தவர் விழுங்கல் சிகிச்சை நிபுணர். இல்லத்தில் அவருக்குப் பெயர் 'தொண்டை டீச்சர்'. பெரியவரின் குரல்வளைமேல் விரல் வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, "இப்ப 'ஆ' சொல்லுங்கய்யா" என்றார். 'ஆ' நனைந்து வந்தது. எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்த்தால், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் தன் வீட்டுக்குப் போவதுபோல் ஹாயாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை வாதம் வந்துபோன உடம்பு. தொண்டைக்குச் சொரணையே இல்லை.

"இவருக்கு இருமல் வராததுதான் சார் ஆபத்து" என்று மகனிடம் சொன்னார். "எதையும் பவுடர் கலந்து கெட்டியாத்தான் தரணும். நிமிர்ந்து உக்காந்து, தாடைய நெஞ்சுப் பக்கம் இறக்கி முழுங்கணும்."

மகன் தலையாட்டினார். தலையாட்டுவதில் கைதேர்ந்தவர். பெரிய அலுவலகம் ஒன்றின் செய்தித் தொடர்பாளர். தவறு நடந்தது என்று சொல்லாமலே, நடந்திருக்கக்கூடிய தவறுக்கு வருத்தம் தெரிவிப்பதில் மன்னர்.

கூழாகிவிட்ட தண்ணீரை ஆயா ஊட்டினார். பெரியவர் துப்பினார். "என்னம்மா இது, போஸ்டர் ஒட்டவா?" கண்ணாடி மாட்டிவிடுவதும் ஆயாதான், மூக்கு அரித்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தபோது, ஆயா அந்தப் பக்கம் போனதும் பெரியவர் ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு வாய் பச்சத்தண்ணிடா. சின்ன வயசுல உன்னை எதுக்காச்சும் கெஞ்ச விட்டிருக்கேனா?"

விட்டிருக்கிறார். சைக்கிளுக்கு மட்டும் ஒரு வருஷம். ஆனால் அதையெல்லாம் கிளறும் நேரமா இது? மகன் டம்ளரை அவர் உதட்டில் வைத்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"பாத்தியா? ஒரு செருமல்கூட இல்ல. அந்தப் பொண்ணு சும்மா பூச்சாண்டி காட்டுது."

மகனுக்கும் அப்படித்தான் பட்டது. மனசு லேசாகக் குறுகுறுத்தது. 'பெத்தவர் தண்ணி கேட்டா குடுக்காம இருக்க நான் என்ன கல்லா?' என்று அதற்கும் ஓர் அறிக்கை விட்டு அடக்கினார். அப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர். எந்த நாளும் இருமல் வரவில்லை.

காய்ச்சல்தான் வந்தது. பெரியவரின் நெஞ்சு, கொதிக்கும் கெட்டில்போல் களகளத்தது. தொண்டை டீச்சர் கட்டிலருகே நின்றார்.

"கெட்டித் தண்ணியே நுரையீரலுக்குப் போகுதுன்னா, இனிமே வாய் வழியா எதுவும் தர முடியாது. மூக்குல டியூப்தான். இல்ல, யாராச்சும் பச்சத்தண்ணி குடுத்திருந்தா அது வேற கதை. டியூப் வேண்டாம். குடுத்தீங்களா? மென்னு முழுங்காம சொல்லுங்க சார்."

மகன் வாயைத் திறந்தார். உள்ளே எல்லாம் தயார்: 'குடும்பத்தார் தரப்பில், சில சூழ்நிலைகளில், திரவம் வழங்கப்பட்டிருக்க வாய்ப்புள்ளதாக...'

அப்பாவின் நெஞ்சு களகளத்தது. அறிக்கை தொண்டையிலேயே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. இத்தனைக்கும் அவர் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது.

"கிருமி உள்ள போகாதபடி வாயச் சுத்தமாத் தேய்ச்சுவிட்டு, இந்த வாரம் நானே ஸ்பூன் ஸ்பூனா பச்சத்தண்ணி பழக்கலாம்னு இருந்தேன்" என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல். "ஆசையா இருக்கார்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"அது வந்து மேடம்... அதாவது..."

கட்டிலிலிருந்து நனைந்த குரல் எழுந்தது.

"அவன விடும்மா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. மேசை மேல இருந்த டம்ளர நான்தான் எடுத்துக் குடிச்சேன். தினமும். திருட்டுத்தனமா."

டீச்சர் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினார்.

டியூப் வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு, பெரியவரின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு டீச்சர் வெளியே போனார்.

அந்தக் கைகள் அசைந்து ஒரு வருஷமாகிறது.